அப்பாவைக் கூட்டிப்போன ஜீப்

எங்கள் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்பது புதிய காட்சி இல்லை. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் காவல்துறையில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது திருவிழா பந்தோபஸ்துக்கும் தேர்தல் வேலைக்கும் அவரை ஏற்றிப்போக ஜீப் வரும். ஓய்வுக்குப் பிறகும் அவருடன் வேலை பார்த்தவர்கள் பூதப்பாண்டி பக்கம் வந்தால் வண்டியை நிறுத்தி ஒரு வாய் சாயா குடித்துவிட்டுப் போவார்கள். அதனால் அந்தச் சனிக்கிழமை காலையில் ஜீப் சத்தம் கேட்டபோது வீட்டில் யாரும் பதறவில்லை. அம்மா அடுக்களையில் அவியலுக்குத் தடியங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள். கணவர் மஸ்கட்டில் வேலை பார்ப்பதால் நான் அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். பக்கத்து ஊர் பள்ளியில் ஆசிரியை. யாரென்று பார் என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் எழுவதற்குள் அப்பாவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பழைய ஆட்களைப் பார்க்கப் போகிற சந்தோஷம் அவர் நடையிலேயே தெரிந்தது.

வந்தவர்களில் ஒருவர் மட்டும்தான் பழைய ஆள். அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர். அவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. இறங்கி வந்தவர் இளம் வயது எஸ்.ஐ. கூட ஒரு போலீஸ்காரர். எஸ்.ஐ. அப்பாவுக்கு வணக்கம் வைத்தார், நலம் விசாரித்தார், பிறகு என் தம்பி எங்கே என்று கேட்டார்.

தம்பி துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்கு வந்து அதே வேலையைச் செய்கிறவன். அதற்கு முந்தின வாரம் எங்கள் ஊர் ரோட்டில் பாறைக்கல் ஏற்றிப்போன டிப்பர் லாரி ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்த பிள்ளையை இடித்துத் தள்ளிவிட்டது. பிள்ளைக்குக் கால் முறிந்தது. ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூட நேரத்தில் லாரி வரக்கூடாது என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்தக் கூட்டத்தில் தம்பியும் இருந்தான். யாரோ கல்லெறிந்து இன்னொரு லாரியின் கண்ணாடி உடைந்தது. எறிந்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்தவர்களின் முகம் எல்லார் செல்போனிலும் இருந்தது.

தம்பி முந்தின நாள் மார்த்தாண்டம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்று போயிருந்தான். இரவு வரவில்லை, ஃபோனும் எடுக்கவில்லை. அப்பா அதை அப்படியே சொன்னார். எஸ்.ஐ. வீட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாமா என்றார். அப்பா ஒன்றும் கேட்காமல் விலகி நின்று, உள்ளே கை காட்டினார்.

அவர்கள் எல்லா அறைக்குள்ளும் போனார்கள். என் அறையில் அலமாரியைத் திறந்தபோது நான் போய் நின்றேன். என்ன காகிதம் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆளைத் தேடுவதற்குக் காகிதம் தேவையில்லை மேடம் என்றார் எஸ்.ஐ. அது பாதி சரி என்று பிறகு ஒரு வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டேன். தேடுகிற ஆள் உள்ளே இருக்கிறான் என்று நம்பக் காரணம் இருந்தால் நுழையலாமாம். என் சேலைகளுக்கு நடுவில் தம்பி இருப்பான் என்று நம்ப அவருக்கு என்ன காரணம் இருந்ததோ. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பா கூடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்காகத்தான் நான் மேற்கொண்டு பேசாமல் இருந்தேன்.

கிளம்பப் போகிறார்கள் என்று நினைத்தபோதுதான் எஸ்.ஐ. அப்பாவிடம், "ஐயா, நீங்க கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வாங்க. தம்பி வந்ததும் போயிரலாம்" என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

சில மாதம் முன்பு எங்கள் பள்ளிக்கு இலவச சட்ட உதவி வகுப்பு எடுக்க ஒரு பெண் வக்கீல் வந்திருந்தார். மைக் ஏற்பாடு செய்தது நான்தான் என்பதால் முழுக்கக் கேட்டிருந்தேன். விசாரிக்க வேண்டுமென்றால் பெண்களையும் அறுபது வயது தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது, வீட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னது மறக்கவில்லை. ஒருவரைத் தேடிப் போய் இன்னொருவரைப் பிடித்து வைக்க எந்தச் சட்டமும் இல்லை என்றும் சொல்லியிருந்தார். அதை எஸ்.ஐ.யிடம் சொன்னேன். அப்பாவுக்கு அறுபத்தேழு ஆகிறது, கேட்க வேண்டியதை இங்கேயே கேளுங்கள், தம்பிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், நாங்கள் அவனை வரச் சொல்கிறோம் என்றேன். நீங்கள் வக்கீலா என்று அவர் கேட்டார். இல்லை, மகள் என்றேன்.

"ஏட்டி, நீ உள்ள போ" என்றார் அப்பா.

நான் போகவில்லை. ஆனால் அம்மா வெளியே வந்தாள். கையில் கத்தி இருந்ததைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தாள். வந்தவர்களைப் பார்க்காமல் அப்பாவை மட்டும் பார்த்து, "நீங்க போனா அவன் ஓடி வருவான். அதுக்குத்தானே கூப்பிடுகாவ" என்றாள்.

அம்மா இதை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டது. அப்பனைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் மகன் தானாக வந்து நிற்பான், நாம் எதற்குக் காடு மேடெல்லாம் அலைய வேண்டும் என்று அப்பா சோறு பிசைந்துகொண்டே சொல்வார். நானும் தம்பியும் சிரிப்போம். அது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும் எங்களுக்கு.

அப்பா உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பித்தானைத் தப்பான துளையில் மாட்டியிருந்தார். ஜீப்பில் அந்தப் பழைய ஆள் நகர்ந்து இடம் கொடுத்தார். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். பழைய ஏட்டையாவை ஏதோ உதவிக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றுதான் சிலர் நினைத்தார்களாம்.

நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். போய்ச் சேரும்போது அப்பா ஸ்டேஷன் வராந்தாவில் மர பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வந்து போகிற போலீஸ்காரர்கள் ஐயா என்றார்கள், சாயா வாங்கிக் கொடுத்தார்கள். யாரும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடவில்லை.

பெஞ்சின் மறு ஓரத்தில் இன்னொரு பெரியவர் இருந்தார். பேச்சிப்பாறைக்குக் கீழே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். அவர் மகன் எங்கள் ஊரில் பெண் எடுத்தவன். அவனும் அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் வெட்டுக்குக் கிளம்பினவரை வழியிலேயே வைத்து ஏற்றிவிட்டார்கள். லுங்கியிலும் கையிலும் காய்ந்த ரப்பர் பால் ஒட்டியிருந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். சாயாவும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். "மோளே, இப்போ போவச் சொல்லுவாவளா?" என்று என்னிடம் கேட்டார். நான் ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டார் போல. தெரியவில்லை என்றேன். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் வகுப்பு எடுத்த அந்த வக்கீலுக்கு ஃபோன் செய்தேன். அவர் நாகர்கோவிலில் இருந்தார், மத்தியானத்துக்குள் வருவதாகச் சொன்னார். அதுவரை சண்டை போடாதே, ஆனால் எந்த வழக்கில் எதற்காக அப்பாவை வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இரு என்றார். ஸ்டேஷன் ரைட்டரிடம் போய்க் கேட்டேன்.

"நாங்க பிடிச்சு வைக்கல்லியே. அவரு சும்மா இருக்காரு" என்றார் ரைட்டர்.

"அப்போ நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"தம்பி வரட்டும்."

திரும்பத் திரும்ப இதே பேச்சுதான். பிடித்து வைக்கவில்லை, ஆனால் போகவும் முடியாது. எனக்குத் தெரிந்த சட்டத்தை நான் எங்கே கொண்டு போய் வைப்பது என்று விளங்கவில்லை. அவர்கள் யாரும் அதை இல்லை என்று சொல்லவில்லை. எஸ்.ஐ. ஒரு தடவை, நீங்க சொல்றது சரிதான் மேடம் என்றுகூடச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். இந்த வயதுக் கணக்கு உங்களுக்குத் தெரியாதா என்று மெதுவாகக் கேட்டேன். அப்போது அது அறுபத்தைந்து, அதுவும் நான் வேலையை விட்டுப் போகிற நேரத்தில்தான் வந்தது என்றார். வந்த பிறகும் ஒன்றும் மாறவில்லை என்றார்.

வக்கீல் வந்ததும் காரியம் வேகமாக நடந்தது. அவர் உயரமோ கனத்த குரலோ இல்லாத சாதாரணப் பெண். இன்ஸ்பெக்டரிடம் நாற்காலி கேட்டு உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு பேசினார். இவரை எப்போது கூட்டி வந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். எழுதவில்லை. எழுதாமல் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று நான் எழுதி மேலே அனுப்பட்டுமா என்று அதே சிரிப்போடு கேட்டார். கொஞ்ச நேரத்தில் தம்பி பெயருக்கு ஒரு நோட்டீஸ் தயாராகி என் கையில் வந்தது. திங்கட்கிழமை ஆஜராக வேண்டும் என்று இருந்தது. ஐயா போகலாம் என்றார்கள்.

அப்பா எழுந்தார். கூடவே அந்தப் பெரியவரும் எழுந்தார். தனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். வாசலில் நின்ற போலீஸ்காரர் அவரைப் பார்த்து, நீ எங்க போற, இரு என்றார். அவர் உடனே உட்கார்ந்துவிட்டார். ஒரு முறைகூட ஏன் என்று கேட்கவில்லை.

நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்திருந்தேன். எப்படியாவது அப்பாவை வெளியே கொண்டுபோனால் போதும் என்றிருந்தது எனக்கு. அப்பா படியில் ஒரு காலை வைத்தவர், திரும்பி நடந்துபோய் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தார். என்னப்பா என்றேன். இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, உங்க விஷயம் முடிஞ்சாச்சே ஐயா, பிறகு என்ன என்று கேட்டார்.

"இவரையும் அனுப்புங்க" என்றார் அப்பா.

அது வேறு ஐயா, நீங்க போங்க என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவருக்கும் அறுபது தாண்டியாச்சு. இவரு பேர்ல கேஸ் இல்ல. இவரை இங்க இருத்த உங்களுக்கு அதிகாரம் கிடையாது. எனக்குத் தெரியும் சார். நான் இருத்தியிருக்கேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ரைட்டர் பேனாவை மூடி வைத்தார். காலையில் ஜீப்பை விட்டு இறங்காத அந்தப் பழைய ஆள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. நல்லபடியாகச் சொன்னால் கேட்க மாட்டீர்களா, பென்ஷன் வாங்குகிற ஆள் இப்படிப் பேசலாமா என்றெல்லாம் சொன்னார். அப்பா வாதாடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவர்தான் பயந்துபோய், நீங்க போங்க ஐயா, எனக்கு ஒண்ணும் இல்ல, நான் இருக்கேன் என்று அப்பாவின் கையைப் பிடித்துத் தள்ளினார்.

வக்கீல் மறுபடி உள்ளே போனார். அந்த மனிதருக்கும் தான்தான் வக்கீல் என்றார். பெயர்கூட அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். வெயில் சாய்ந்த பிறகுதான் பெரியவருடைய மகன் பெயருக்கும் ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். குலசேகரம் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டோம். அவர் ஏறும்போது அப்பாவிடம் கைகூப்பினார். அப்பா அதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா சோறு போட்டுக்கொண்டே, இத்தனை வருஷத்தில் நீங்கள் கொண்டுபோய் உட்கார வைத்தவர்களுடைய மகன்மார் எல்லாரும் வந்தார்களா என்று கேட்டாள். வந்தார்கள் என்றார் அப்பா. அவர்கள் எல்லாரும் குற்றம் செய்தவர்கள்தானா என்று அம்மா கேட்டாள்.

"சில பேரு" என்றார்.

அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

தம்பி மறுநாள் வந்தான். பத்மநாபபுரத்தில் ஒரு நண்பன் வீட்டில் இருந்திருக்கிறான். தன் பெயர் வழக்கில் இருக்கிறது என்று யாரோ சொன்னதும் பயந்துவிட்டானாம். அப்பாவைக் கூட்டிப்போனது தெரிந்ததும் அவன் பட்ட ஆத்திரம் போலீஸ்மேல் பாதி, அப்பாமேல் பாதி. ஏன் கதவைத் திறந்துவிட்டீர்கள், ஏன் பேசாமல் ஜீப்பில் ஏறினீர்கள் என்று கத்தினான். திங்கட்கிழமை வக்கீலோடு போய் ஆஜரானான். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், கைது செய்யவில்லை. ஆனால் வழக்கு இருக்கிறது. கண்ணாடி உடைத்தவர்கள் என்று எழுதிய பட்டியலில் அவன் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. வெளிநாடு போக பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாமல் நிற்கிறான். அவனும் அப்பாவும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் மாலையில் கூடுகிற சாயாக்கடைக்கு அப்பா இப்போது போவதில்லை. அங்கே யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் கேள்வி. வாசலில் வண்டி நின்றால் அவர் முதலில் என்னைப் பார்க்கிறார். எரிவாயு சிலிண்டர் வண்டிக்கும்கூட.

எனக்கு அந்த நாளைப் பற்றி நிம்மதி இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டு வாசலில் நின்றவள் நான். நான் சொன்னது எதுவும் தப்பில்லை என்று வக்கீலும் சொன்னார். இருந்தும் அப்பா ஜீப்பில் ஏறினார். அந்த வக்கீலின் நம்பர் என்னிடம் இல்லாமல் இருந்திருந்தால் ராத்திரி வரை அந்த பெஞ்சில்தான் இருந்திருப்போம். ஊரில் இப்போது யார் வீட்டுக்குப் போலீஸ் வந்தாலும் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். எந்த வழக்கு என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், வயதானவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள், ஒருவர் கூடவே போங்கள் என்று சொல்கிறேன். சொன்னால் விட்டுவிடுவார்களா டீச்சர் என்று கேட்கிறார்கள். விடுவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கேளுங்கள், கேட்காமல் இருக்காதீர்கள் என்கிறேன்.

வழக்கு அடுத்த மாதம் மறுபடி கோர்ட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தம்பி பைக்கில் தனியாகப் போகிறான், அப்பா பின்னாலேயே பஸ்ஸில் போகிறார். கோர்ட்டுக்குள் போவதில்லை. வெளியே மரத்தடியில் நின்று, அவன் பெயரைக் கூப்பிட்டு முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறார்.