கண்ணடித்த கார்

சனிக்கிழமை காலை, வாசலில் நின்ற காரின் முன்விளக்குக் கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. பதினான்கு வருடத்துக் கார். கண்ணாடி புரை விழுந்த கண் மாதிரி மங்கியிருந்தது. திங்கட்கிழமை முதல் அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. விடிவதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும், அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தவள், தனியாக ஓட்டிப் போனால்தான் வேலை.

"தேய்ச்சது போதும், தள்ளு." கையில் ஒரு பெட்டியோடு வந்தார் மெக்கானிக். "எச்.ஐ.டி. லைட்டு. போட்டா ராத்திரி பகலாயிடும்."

"எனக்கு ரோடு தெரிஞ்சா போதுங்க."

அவர் கேட்கிற ஆள் இல்லை. இருபத்து மூன்று வருடமாக ஊரார் லிஃப்டை எல்லாம் ஓட வைக்கிறவர். வீட்டில் மட்டும் அழைப்புமணியிலிருந்து மிக்ஸி வரை அவர் கை பட்டதும் மக்கர் பண்ணும். பெட்டியோடு வருகிற தாளைப் படிக்கும் பழக்கமும் கிடையாது. "எழுதினவன் லிஃப்ட்ல மாட்டினா என்னையத்தானே கூப்பிடுவான்?" என்பார்.

மதியத்துக்குள் மாட்டிவிட்டார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒத்திகைக்குக் கிளம்பினாள் மனைவி. அரை மணியில் வர வேண்டியவர்கள் ஒன்றரை மணி கழித்து வந்தார்கள்.

"ஊர்ல இவ்வளவு நல்லவங்களா!" என்றாள் மனைவி. "எதிர்ல வர்றவங்க எல்லாரும் கையைத் தூக்கி நன்றி சொல்றாங்க."

"சொல்லாம என்ன செய்வாங்க?" என்றாள் மகள். "நம்ம கார் கண்ணடிச்சுக் கண்ணடிச்சு, நீங்க முதல்ல போங்கன்னு எல்லாரையும் அனுப்பி வெச்சிருக்கு. நாலு ரோடு சந்திப்புல மட்டும் பதினாறு வண்டிப்பா! பின்னாடி நின்னவர் இறங்கி வந்து, 'தர்மம் பண்ணது போதும்மா, நகருங்க'ன்னார்."

மெக்கானிக் முதல்முறையாகத் தாளைப் பிரித்தார். அந்தக் காரில் இன்ஜின் ஓடினாலே பகலிலும் முன்விளக்கு பாதி மின்சாரத்தில் எரியும். பழைய பல்புக்கு அது போதும்; எச்.ஐ.டி.க்கு முழுசாகக் கொடுக்காவிட்டால் எரியும், அணையும், மறுபடி எரியும். பகல் விளக்கைத் துண்டிக்காமல் மாட்டாதீர்கள் என்று முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"ஒரு ஃப்யூஸைப் பிடுங்கினா முடிஞ்சுது," என்று பிடுங்கினார். விளக்கு அடங்கியது. கூடவே ஹார்னும் அடங்கியது.

"கண்ணும் தெரியாம வாயும் பேசாம போகச் சொல்றீங்களா?" மனைவி அவருடைய கருவிப்பெட்டியைத் திறந்து பழைய பல்புகளை எடுத்தாள்.

"பல்புக் கண்ணாடியை விரலால தொடாத! கையெண்ணெய் பட்டா வெடிச்சிடும்!"

பாத்திரம் துடைக்கும் துணியால் பிடித்து, இரண்டையும் அவளே மாட்டினாள். ஃப்யூஸைத் திரும்பச் செருகினாள். இன்ஜினைப் போட்டதும் பழைய மஞ்சள் வெளிச்சம் ஆடாமல் நின்றது. ஹார்ன் அடித்துப் பார்த்தாள், எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அவள் கை கழுவ அடுப்படிக்குப் போனதும் பின்னாலேயே வந்தார்.

"திங்கட்கிழமை முதல் நாள். நானும் பக்கத்துல உக்காந்து வரட்டுமா? வாயே திறக்க மாட்டேன்."

அவள் கையைத் துடைத்தாள். மேடைமேல் வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு, இன்னொரு ஒத்திகைக்குத் தனியாகவே வெளியே போனாள்.