இருபத்துநான்கு முயல்களும் என் மகன் தலையும்

முயலுக்கு முதுகு மழிப்பதும் ஒரு பிழைப்புதான். கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆறு வருஷமாக நான் அதைத்தான் செய்கிறேன். முடி முளைக்க வைக்கும் மருந்து ஒன்றை அங்கே சோதித்துப் பார்க்கிறார்கள். எட்டாவதோடு நின்றவள் கூண்டு கழுவினோமா, தீனி வைத்தோமா என்று இருக்க வேண்டியதுதானே என்பீர்கள். என்னால் முடியவில்லை. என் மகன் பாபுவுக்கு இருபத்தெட்டு வயதிலேயே முன்மண்டை காலி. அவனைப் பார்க்க வந்த மூன்று பெண் வீட்டாரும் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். பிள்ளை குளித்து முடித்ததும் பாத்ரூமுக்குள் ஓடிப் போய் உதிர்ந்த முடியை எண்ணியவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

வலதும் இடதும்

மொத்தம் இருபத்துநான்கு முயல்கள். ஒவ்வொரு முயலுக்கும் முதுகில் இரண்டு கட்டம் மழிப்பேன். வலது கட்டத்துக்கு மருந்து, இடது கட்டத்துக்கு வெறும் தண்ணீர். மூன்றாவது வாரம் வலது பக்கம் புசுபுசுவென்று முளைத்திருந்தது. ஆராய்ச்சி செய்யும் மேடத்திடம் மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சொன்னேன். அன்று சாயங்காலமே அத்திப்பட்டில் எங்கள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது, நானே சொன்னதால்.

மறுநாள் பார்த்தால் தண்ணீர் தடவிய இடது பக்கமும் முளைத்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முயலுக்குச் சும்மா இருந்தாலே முடி வளரும், எந்தப் பக்கம் முந்துகிறது என்றுதான் பார்க்கிறோம் என்றார் மேடம். அப்படியென்றால் முடி வளராத முயலாகப் பார்த்துப் போடக் கூடாதா என்று கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "வழுக்கை முயல் எங்கேயாவது பார்த்தா சொல்லுங்கம்மா, வாங்கிடலாம்."

கேட்டில் நடந்தது

வேலை முடிந்து போகும்போது கேட்டில் பையைச் சோதிப்பார்கள். மருந்து ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. செக்யூரிட்டி தாமோதரன் என் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியை முகர்ந்துகூடப் பார்ப்பார். கடமையில் இவ்வளவு அக்கறையா என்று மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் மழைக்காகத் தொப்பியைக் கழற்றி உதறினார். அடியில் ஒன்றுமே இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கோயிலில் சடாரிக்குக் குனிவதுபோல என் முன்னால் தலையைக் குனிந்தார். கையுறை போட்டுத்தான் மருந்து தடவுகிறேன், என் கையில் எதுவும் இருக்காது என்றேன். அவர் நிமிரவில்லை. "சரோஜாக்கா, மருந்த எடுத்துக்கினு போவக் கூடாதுன்னுதான் ரூல்ஸு. கையக் கழுவிக்கினுதான் போவணும்னு எங்கியும் எழுதல."

ரயிலில் வரும் பாய்

பொன்னேரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பழவேற்காட்டு பாய் ஒருவர், மழை வருமா என்று விசாரிப்பதுபோல, தினமும் ரயிலில் முயல்களை விசாரிப்பார். உங்களுக்கா பாய் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "எனக்கு இன்னா தங்கச்சி, தொப்பி கீது. தொப்பி இல்லாதவன நெனச்சாத்தான் பேஜாரா கீது."

இன்னும் எத்தனை நாள்

மருந்து எப்போது கடைக்கு வரும் என்று மேடத்தை அரித்தெடுத்தேன். முயலுக்குப் பிறகு மனிதர்கள், அப்புறம் சர்க்கார் அனுமதி; எட்டோ பத்தோ வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். மனிதர்களுக்குப் போடும்போது முதல் பெயராக என் பிள்ளையை எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அதிலும் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர்தானாம். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கே தெரியாதாம்.

இதை வீட்டில் சொன்னேன். பாபு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "தண்ணிக்கு எதுக்கும்மா கும்மிடிப்பூண்டி வரைக்கும்? நம்ம ஊட்டுக் கொழாய்லயே வருதே."

மூன்று மொட்டை

அப்போதுதான் கல்யாணத் தரகர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். மொட்டை போட்டுவிட்டால் வழுக்கை யார் கண்ணுக்குத் தெரியும்? திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டோம். அந்த வாரமே திருநின்றவூரில் செல்வியைப் பெண் பார்த்தோம். வேண்டுதல் என்றதும் அவள் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நடுவில் ஆடி வந்து பேச்சு நின்றது. பாபுவுக்குப் பக்கவாட்டில் மட்டும் முடி முளைத்தது. பெரியபாளையத்தில் இரண்டாவது மொட்டை. நிச்சயத்துக்கு நாள் தள்ளிப் போனதும் திருப்பதியில் மூன்றாவது. மருந்து வரும்வரை இப்படியே ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வியின் அப்பா மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இத்தனை வேண்டுதல் என்றால் பையனுக்கு அப்படி என்ன பெரிய வியாதி, மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இதோடு விட்டுவிடலாம் என்றார். வழுக்கை என்றால் போய்விடுவார்கள். வியாதி என்றாலும் போய்விடுவார்கள். நாலாவது சாமியின் பெயர் வாய்வரை வந்துவிட்டது.

செல்விதான் அப்பாவைக் கையமர்த்தினாள். வியாதியெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். பெண் பார்க்க வந்த அன்றே கவனித்தாளாம். மொட்டைத் தலையில் பின்பக்கம் பச்சையாகவும் முன்பக்கம் கண்ணாடி மாதிரியும் இருந்ததாம். எத்தனை கோயில் வரைக்கும் போகிறார்கள் பார்க்கலாம் என்றுதான் சும்மா இருந்தாளாம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அத்தை, மருந்து வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் சாமிங்களுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க."

கல்யாணம் முடிந்து பேரனும் பிறந்துவிட்டான், மருந்து இன்னும் முயல் முதுகைத் தாண்டவில்லை. பேரனுக்கு நெற்றி கொஞ்சம் அகலமாகத் தெரிவதால் நான் வேலையை விடுவதாக இல்லை.