வெறும் உப்புத்தண்ணீர்

மாரடைப்பில் என் கணவரின் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து இதயத்தில் செலுத்தும் ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்தோம். சிலருக்குச் செல், சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்பதை முடிவில்தான் சொல்வார்கள்.

ஊசி போட்டபின் மனிதர் தேறிவிட்டார். மூலக்குளம் வீட்டில் துணி வாளியோடு மொட்டைமாடிக்கு அவரே ஏறினார். பீச் ரோட்டில் என்னை முந்தி நடந்தார். "புது செல்லு வேலை செய்யுதுடி" என்பார்.

ஆராய்ச்சி முடிந்ததும் டாக்டர் கூப்பிட்டார். "எனக்குத்தான் தெரியுமே, நீ போயிட்டு வா" என்று கணவர் என்னை மட்டும் அனுப்பினார்.

"அவருக்குப் போட்டது உப்புத்தண்ணிதாம்மா. மாத்திரையாலயும் நடையாலயும்தான் தேறியிருக்காரு. பக்குவமா சொல்லுங்க" என்றார் டாக்டர்.

நான் வீடு திரும்பியபோது அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் புது செல்லின் பெருமை பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்குப் போட்டது வெறும் உப்புத்தண்ணிங்க!"

அவர் கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. "அப்போ உள்ள ஒண்ணுமே இல்லியா?"

டாக்டர் சொன்ன மீதியைப் பிறகு எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். காதில் ஏறவில்லை. மறுநாளே பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இப்போது வாளியோடு நான்தான் ஏறுகிறேன். அந்தப் படி வந்ததும் என் காலும் நின்றுவிடுகிறது.