வாசலில் வைத்த கனல்

பூண்டுலோயா டவுன் சாப்பாட்டுக் கடைகள் வீசியெறியும் தேங்காய்ச் சிரட்டையெல்லாம் சின்னராசாவின் சாக்குக்குத்தான் வரும். குழியிலிட்டுக் கொளுத்தி, தழல் பிடித்ததும் மண்ணால் மூடிக் கரியாக்குவார். பெரும்பகுதி சலவைக் கடை இஸ்திரிப் பெட்டிக்குப் போகும். தேயிலைத் தோட்டத்தில் யாராவது பிள்ளை பெற்றால் மட்டும் ஒரு சாக்கைச் சும்மா கொடுத்துவிடுவார். பெற்ற உடம்புக்குக் கணப்பு வேண்டும். விறகு புகையும், சிரட்டைக் கரி புகையாது.

அப்படித்தான் போன ஐப்பசியில் ஜீவராணிக்கும் கொடுத்தார். அடைமழை. பச்சை உடம்பில் காற்றுப் படக் கூடாதென்று ஜன்னல் இடுக்கில்கூடத் துணியை அடைத்து, சட்டிக் கனலோடு தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் படுத்தாள். விடிந்தபோது அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. குழந்தை எழும்பவேயில்லை. புகையாத கனலிலும் விஷக்காற்று உண்டு, அடைத்த அறையில் கொல்லும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

சின்னராசாவை யாரும் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பிள்ளை பெற்ற வீடுகளுக்குக் கரி கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

தையில் ஜீவராணியின் பக்கத்துக் காம்பராவில் சர்மிளா ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்திறங்கினாள். கையளவுப் பிள்ளை. புருஷன் நிரோஷன் சின்னராசாவிடம் ஓடிவந்தான்.

"மாமா, புள்ளைக்குக் கையி காலெல்லாம் சில்லிட்டுக் கெடக்கு. கொஞ்சம் கரி தாங்க."

"இல்லப்பா."

"சாக்கு சாக்கா அடுக்கி வச்சிருக்கீங்க! கடைக்காரன் சட்டைக்குச் சூடு குடுப்பீங்க, எம்புள்ளைக்குக் கெடையாதா?"

சின்னராசா ஒரு கரிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். லயத்து வீட்டு வாசலில், இஸ்தோப்புத் திண்ணையிலேயே சட்டியை வைத்துக் கனல் மூட்டினார். துணியை மேலே பிடித்துச் சூடாக்கி, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, கதவு வழியாக நீட்டினார். ஆறியதை வாங்கி அடுத்ததைக் கொடுத்தார்.

"சட்டியவே உள்ளுக்கு வச்சிட்டா லேசா இருக்கும்ல, மாமா?" என்றான் நிரோஷன்.

"வச்சுப் பாரு, தண்ணிய ஊத்தி அணைச்சிருவேன். மொதல்ல அந்த ஜன்னலத் தொற."

பொழுது சாயும் நேரத்தில் உள்ளே பிள்ளை பலமாக அழுதது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. ஜீவராணி கனலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னராசா துணியும் கையுமாக எழுந்துவிட்டார்.

"எனக்கும் இப்புடி வாசல்லயே வச்சுக் குடுத்திருக்கலாமே, மாமா."



"மாமா, துணி ஆறிப்போச்சு!" என்று உள்ளிருந்து சர்மிளா கூப்பிட்டாள்.