திண்டுக்கல்லோடு திரும்பினோம்: டீசல் கார், சைலன்சர் சென்சார், ஒரு காலை

2009 ஆடியில் நானும் என் மனைவி மாலதியும் சேலத்திலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். சுற்றிப் பார்க்கும் ஆசையில் அல்ல. நான்கு மாதங்களுக்கு முன் எங்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை ஐந்தே நாளில் இறந்துபோனது. அதன்பிறகு மாலதி சமைத்தாள், வேலைக்குப் போய்வந்தாள். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. கொஞ்சம் இடம் மாறினால் நல்லது என்றார் டாக்டர். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

நாமக்கல், கரூர் வழியாகத் திண்டுக்கல் சுமார் 160 கிலோமீட்டர். சாலை நன்றாகவே இருந்தது. வேடசந்தூரை நெருங்கும்போது காற்று புழுதியை வாரிக் கண்ணாடியில் அடித்தது. அங்கேதான் இன்ஜின் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஐம்பதைத் தாண்டவில்லை. ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி எடுத்தேன். அப்படியேதான் இருந்தது. லாரிகள் ஹாரன் அடித்து முந்திப் போக, ஊர்ந்தபடியே திண்டுக்கல் போய்ச் சேர்ந்தோம்.

வத்தலக்குண்டு சாலையில் ஒரு ஒர்க் ஷாப்பைக் காட்டினார்கள். உரிமையாளர் சேவியருக்கு நாற்பது வயது இருக்கும். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, சைலன்சர் குழாயின் வெப்பத்தை அளக்கும் சென்சார் கோளாறு என்றார். குழாய் 840 டிகிரியில் கொதிப்பதாக அது சொல்கிறதாம். அதை நம்பி, இன்ஜினைக் காப்பாற்ற வண்டியின் கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்துவிடுகிறது. சென்சாரை மாற்ற வேண்டும், கோயம்புத்தூரிலிருந்து வர இரண்டு நாளாகும் என்றார். உண்மையிலேயே அவ்வளவு சூடாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப ராத்திரி பூரா ஆறட்டும் சார். காலைல ஸ்டார்ட் பண்ணாம ஒருக்கா பாத்துருவோம்.”

பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு லாட்ஜில் தங்கினோம். வாடகை 450 ரூபாய். வாங்கி வந்த இட்லியில் பாதியை மாலதி அப்படியே மடித்து வைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் ஒர்க் ஷாப்புக்குப் போய், சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் பார்த்தோம். ரேடியேட்டர் தண்ணீர் 28 டிகிரி, உள்ளே போகும் காற்று 28, சைலன்சர் குழாய் மட்டும் 840. குழாயைக் கையால் தொட்டேன், சில்லென்று இருந்தது. அளவு பொய் என்பது தெளிவாகிவிட்டது. பொய் சொல்வது சென்சாரா, ஒயரா என்பதுதான் கேள்வி. சேவியர் சென்சாரின் பிளக்கைக் கழற்றினார். ஒயர் சரியாக இருந்தால் அளவு அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை, அதே 840. கோளாறு ஒயரில்தான்.

அவர் காருக்கு அடியில் போய் ஒயரைத் தடவிக்கொண்டே வந்தார். பக்கத்து வீடுதான் அவருடையது. அவர் மனைவி ஸ்டெல்லா காபி கொண்டுவந்து, மாலதிக்கு ஸ்டூல் போட்டார்.

“செத்த நேரம் உக்காருங்கக்கா. பிள்ளைங்க எத்தன?”

இந்தக் கேள்விக்கு எப்போதும் நான்தான் முந்திக்கொள்வேன், இன்னும் இல்லை என்று. அன்றும் வாயெடுத்தேன். அதற்குள் மாலதி பேசிவிட்டாள்.

“ஒண்ணுங்க. பையன். அஞ்சு நாள் இருந்தான்.”

ஸ்டெல்லா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். யாரு சாயல் என்று கேட்டார். நெற்றி இவர் மாதிரி என்றாள் மாலதி. எனக்கு அது தெரியாது. இன்குபேட்டர் கண்ணாடிக்கு வெளியிலிருந்துதான் நான் அவனைப் பார்த்திருந்தேன்.

ஒயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து, ஒயர் குழாயின்மேல் சாய்ந்து உருகியிருந்தது. உள்ளே இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, பொய் அளவு அதனால்தான். உருகிய துண்டை வெட்டிப் புது ஒயர் சேர்த்து, சூடு தாங்கும் உறை போட்டு, குழாயிலிருந்து தள்ளிக் கட்டினார் சேவியர். அளவு 29-க்கு வந்தது. நேற்றே சென்சாரை மாற்றியிருந்தால் காசு வீணாகியிருக்கும் என்று அவரே சொன்னார். கூலி 600 ரூபாய்.

இந்த வழியில் டீசல் காரில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்கேனர் சென்சார் என்று சொன்னதும் புதிதாக வாங்கிவிடாதீர்கள். இன்ஜின் முழுதாக ஆறியபின் எல்லா வெப்ப அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றியும் பாருங்கள். ஆனால் விளக்கு எரிந்தபடியே மலை ஏறாதீர்கள், அளவு உண்மையாகவும் இருக்கலாம்.

கொடைக்கானல் அங்கிருந்து 95 கிலோமீட்டர்தான். வண்டியும் தயார். மாலதி மட்டும் மேலே வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். வந்த வழியே திரும்பினோம். கரூர் வரும் முன், சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அவனுக்கு நாம பேரே வெக்கலீங்க.”

மருத்துவமனைச் சீட்டில் அவள் பெயர்தான் இருந்தது, அதன்கீழ் ‘ஆண் குழந்தை’ என்று. வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். அவள் ஒரு பெயர் சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். அவள் சொன்னதையே வைத்தோம். அதை இங்கே எழுதப்போவதில்லை.