துளை இல்லாத மூடி

திண்டுக்கல்லிலிருந்து எரியோடு போகும் வழியில் உள்ள ஒரு கல்லூரியில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் என் பொறுப்பு. மூன்று வருடங்களுக்கு முன்பு அங்கே உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்றை வாங்கினார்கள். யார் ஓட்டுகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டபோது தோட்டத்து ஆண்கள் தயங்கி நின்றார்கள். கையால் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் முன்னால் வந்தார். நாற்பது வயதிருக்கும். நான்கே நாளில் பழகிவிட்டார். சேலைக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு அவர் மைதானத்தைச் சுற்றி வருவதைப் பார்க்க மாணவிகள் வராந்தாவில் நிற்பார்கள்.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு வண்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. காலையில் உடனே கிளம்பும். அரை மணி நேரம் ஓடி இன்ஜின் சூடானதும் திக்கித் திக்கி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பிளக்கை மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். சூட்டில் இக்னிஷன் காயில் கெடுகிறதோ என்று அதையும் புதிதாகப் போட்டேன். எதுவும் பலிக்கவில்லை.

அந்தப் பெண் ஒருநாள் என் அறைக்கு வந்தார். "அண்ணே, வண்டி நின்னதும் பெட்ரோல் இருக்கான்னு டேங்க் மூடியத் தெறந்து பாத்தேன். உஸ்ஸுன்னு காத்து உள்ள போகுது. மூடிட்டு சாவியப் போட்டா ஒடனே ஓடுதுண்ணே."

நான் குனிந்த தலை நிமிராமல், "நீ ஓட்டுற வேலைய மட்டும் பாரும்மா" என்றேன்.

அந்த வாரமே மேனேஜர் என்னை மைதானத்துக்குக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். இத்தனை பொருளை மாற்றியும் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வண்டில ஒண்ணுமில்ல சார். அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியல. சோக்கை இழுத்துவிட்டுட்டு மறந்துர்றாங்க" என்றேன். அந்தப் பெண் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, மடித்து வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அவரை ஹாஸ்டல் சமையலறைக்கு மாற்றிவிட்டார்கள்.

புதிதாக ஓட்ட வந்த ஆளுக்கும் வண்டி அதேபோல் நின்றது. நான்காம் நாள் எரிச்சலோடு போய் மூடியைத் திருகினேன். உஸ் என்றது. சாவியைப் போட்டதும் ஓடியது.

மழைக்காலத்தில் பழைய மூடி விரிசல் விட்டிருந்தது. மருந்தடிக்கும் பம்பின் மூடி ஒன்று அளவாக இருக்கவே அதை மாட்டியவன் நான்தான். வண்டியின் சொந்த மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போனால்தான் மீதிப் பெட்ரோல் இன்ஜினுக்கு இறங்கும். நான் மாட்டியதில் துளை இல்லை. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

சரியான மூடி வாங்கிப் போட்டேன். மேனேஜரிடம், "மூடியில கோளாறு சார், மாத்தியாச்சு" என்று மட்டும் சொன்னேன். "ஓடுதுல்ல, சரி" என்று அவர் போய்விட்டார். மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு எனக்கு ஹாஸ்டலில்தான். பரிமாறுவது அந்தப் பெண்தான். "இன்னுங் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கவாண்ணே?" என்று எப்போதும்போலத்தான் கேட்பார். எனக்குச் சோறு இறங்காது. பத்து நாள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போய் என் அறையிலேயே சாப்பிட்டேன். அதுவும் சகிக்கவில்லை. ஒரு நாள் மூன்று மணிக்குப் போனேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"புது மூடி போட்டதப் பாத்தேன்ணே. அப்பவே தெரியும்."

"தப்பு என்னோடதும்மா."

அவர் கை நிற்கவில்லை. "மூடி மாறிப் போறது யாருக்கும் வர்றதுதான். ஓட்டத் தெரியலன்னு சொன்னீங்க பாருங்க. அத வீட்டுல போயிச் சொல்ல முடியல. மககிட்ட வண்டி ரிப்பேருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அங்கிருந்து நேராக மேனேஜர் அறைக்குப் போய், மூடியை மாட்டியது யார், கோளாறை முதலில் கண்டுபிடித்தது யார் என்று சொன்னேன். அவர், "சமையலுக்கு ஆள் இல்லையேப்பா. திரும்பத் திரும்ப மாத்த முடியுமா?" என்றார். இப்போது வண்டி ஓட்டுகிறவருக்குச் சனிக்கிழமை விடுமுறை. அன்றைக்காவது அந்தம்மாவிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். அவ்வளவுதான் முடிந்தது. மற்ற நாட்களில் இன்றைக்கும் அவர் சமையலறையில்தான்.

முதல் சனிக்கிழமை மகளையும் கூட்டி வந்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண். அம்மா ஓட்டுவதைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், அந்தப் பக்கமாகப் போன என்னிடம், "என்ன ரிப்பேரு மாமா, இம்புட்டு நாள் ஆச்சு?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் அம்மாவைப் பற்றி மேனேஜரிடம் நான் சொன்னதையும் விடவில்லை. அவள் எழுந்து, என்னைத் தாண்டி, வண்டி திரும்பி வருகிற பக்கமாக நடந்தாள்.