சாக்கின் நீளம்

கோணேஸ்வரி பாக்கியரத்தினம் திருகோணமலை நகரிலுள்ள ஒரு திரையரங்கின் வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழிப்பவர். மகள் லக்சனா பிறப்பதற்கு முந்தைய ஆண்டு அந்த வேலைக்குச் சேர்ந்தார். மகள் இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். இத்தனை காலத்தில் அவர் ஒரு படத்தையேனும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்ததில்லை. வாசலை விட்டு அகல முடியாது என்பது ஒரு காரணம். படம் பார்ப்பதைவிட, பார்த்தவர்களை விசாரிப்பதில் அவருக்கு நாட்டம் அதிகம் என்பது மற்றது. இடைவேளையில் தேநீருக்கு வருகிறவர்களை மறித்து, "என்ன, ஆள் தப்பிட்டானோ?" என்பார். ஒருவர் சொன்னதும் அடுத்தவர் சொன்னதும் ஒத்துவராவிட்டால் அவருக்குப் பெரும் மகிழ்ச்சி. துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்தும் அவருடைய கணவர், மனைவி வீட்டுக்குக் கொண்டுவரும் கதைகளில் பாதி இன்னும் எடுக்கப்படாத படங்களுடையவை என்று சொல்வது வழக்கம்.

'வயது வந்தோர்க்கு மட்டும்' என்ற பலகை தொங்கும் நாட்களில் மட்டும் அவர் வேறு ஆள். அண்ணனின் அடையாள அட்டையோடு வந்த மாணவன் ஒருவனிடம், "அண்ணாவைச் சுகம் கேட்டதாச் சொல்லு தம்பி" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியது கடைத்தெருவில் இன்றும் சொல்லப்படுகிறது.

அந்தத் திரையரங்கின் படிக்கட்டில் மூவர் அடிக்கடி கூடுவர். கைத்தொலைபேசி திருத்தும் சிவரூபன், வன்பொருட் கடையில் நிற்கும் இஹ்ஸான், நிலாவெளி விடுதியொன்றின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் றுஷ்தா. மூவரும் அதிசய வீரர் படங்களில் ஊறியவர்கள். அவர்களுக்குப் பிடித்த வீரனுக்குப் படத்தில் வேறு பெயர் உண்டு. ஆனால் அவன் பறக்கும்போது முதுகுப் போர்வை திருக்கை மீனைப் போல விரியும் என்பதால், ஊரில் அவனைத் திருக்கை என்றே சொல்வார்கள். முதல் இரண்டு படங்களுக்கும் எல்லா வயதினரும் போனார்கள். மூன்றாவதற்குத் தணிக்கைச் சபை பதினெட்டு வயது என்று விதித்திருந்தது. படம் வருவதற்கு முதல்நாள் மாலை படிக்கட்டில் அதுவே கதை.

"ஒரு துளி ரத்தம் இல்லயாம் மச்சான்," என்றான் இஹ்ஸான். "போன படத்தில ஒரு நகரமே இடிஞ்சு கடலுக்குள்ள போச்சு. அதுக்குச் சின்னப் புள்ளயெல்லாம் கச்சான் கொட்டை தின்னுக்கிட்டு இருந்திச்சு. இதுக்குப் பதினெட்டாம்."

"கதாநாயகியின்ர உடுப்பாலதான் எண்டு கனபேர் எழுதுறாங்கள்," என்றான் சிவரூபன்.

"அந்த உடுப்புக்கா?" என்றாள் றுஷ்தா. "கழுத்திலருந்து கால் மட்டும் இரும்பு. என்ட அபாயாவுக்கும் அதுக்கும் நிறம்தான் வித்தியாசம்."

"இரும்பெண்டு சொல்லாதை," என்றான் சிவரூபன். " அது துணி. இரும்பு மாதிரிப் பூசினது. உண்மையான இரும்பெண்டா கை தூக்கேலாது."

"உன்ட திருக்கை மட்டும் அந்தப் போர்வையோட பறக்கலாமாக்கும்," என்றான் இஹ்ஸான். " முதல் மின்விசிறியிலயே சிக்குவான்."

கோணேஸ்வரி சீட்டுப் பெட்டியை மூடிவிட்டு அருகே வந்தார். "வெளிநாட்டில இதுக்கு எத்தினை வயசு?"

"பதினஞ்சு, அன்ரி."

"அப்ப அங்கத்தைப் பிள்ளை பதினஞ்சில பாக்கலாம், எங்கட பிள்ளை பாக்கேலாது. ஏனாம்?"

மூவரும் மூன்று பதில் சொன்னார்கள். ஒன்றும் ஒத்துவரவில்லை. ஆனால் இம்முறை அவருக்கு அது மகிழ்ச்சி தரவில்லை, ஏனெனில் அந்த விதி அவருடைய வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. லக்சனாவுக்குப் பதினெட்டு நிறைய ஆவணி வர வேண்டும். படம் அதற்கு முன்பே போய்விடும். சனிக்கிழமைக் காட்சிக்கு மூவரும் வேடமிட்டு வருவதாக இருந்தார்கள். அந்த உடுப்புகளை எல்லாம் தைத்தவள் லக்சனா. எந்தப் படத்துக்காகத் தைத்தாளோ, அந்தப் படத்தை அவள் பார்க்க முடியாது.

அன்று அவளும் பை ஒன்றோடு வந்தாள். திருக்கையின் போர்வையை றுஷ்தாவின் தோளில் விரித்துப் பார்த்தாள். பிறகு சிவரூபனுக்கானதை எடுத்தாள். முன்னோட்டத்தில் வரும் புதிய ஆள் ஒருவனுக்கு முகம் இல்லை. தலையிலிருந்து கவிழ்த்த சாக்கும், அதில் இரண்டு ஓட்டைகளும் மட்டுமே. ரசிகர்கள் அவனுக்குச் சாக்கன் என்று பெயர் வைத்திருந்தார்கள். சிவரூபன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கோணேஸ்வரியின் பக்கம் திரும்பினான்.

"கழட்டு," என்றார் அவர். குரல் அவருடையதாக இல்லை. "அதைப் போட்டுக்கொண்டு இந்த வாசலால ஒருத்தரும் வரேலாது."

சிவரூபன் உடனே கழற்றினான். லக்சனா விடவில்லை. "ஏன் அம்மா? திருக்கை வரலாம், இது வரக்கூடாதோ?"

"ஏலாதெண்டா ஏலாது."

"படம் பாக்க வேண்டாம் எண்டியள், சரி. தைச்சதும் பிழையோ? அந்தப் படத்தில என்ன இருக்குதெண்டு நீங்கள் பாத்தனீங்களோ?"

பார்த்ததில்லை. எதைத் தடுக்கிறோம் என்று தெரியாமலே இத்தனை பேரைத் தடுத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை முதற்காட்சிக்கு முன் கோணேஸ்வரி, திரையரங்கு முகாமையாளரான இன்பாஸிடம், "தம்பி, இண்டைக்கு நீங்கள் வாசலைப் பாருங்கோ. நான் உள்ள இருக்கப் போறன்," என்றார். இன்பாஸ் அவருக்குக் காய்ச்சலோ என்பதுபோலப் பார்த்துவிட்டு, சீட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

படம் அவருக்குப் பிடித்தே இருந்தது. திருக்கை கட்டடங்களுக்கு நடுவே சரிந்து இறங்கியபோது கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். போர்வை எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று தேடினார், தையல் தெரியவில்லை. பிறகு, பாதிக்கு மேல் போன ஓர் இடத்தில், இசை நின்றது. வெட்டவெளி ஒன்றில் ஊர்ச்சனம் வரிசையாக நடத்தப்பட்டது. வாகனமொன்றின் அருகே சாக்கன் நின்றான். ஒவ்வொருவராக அவன் முன்னே வந்து நின்றார்கள். சிலரைக் கண்டதும் சாக்கு மெல்ல அசைந்தது. யாரைக் கண்டு அசைந்ததோ, அவர்கள் வாகனத்தில் ஏற்றப்பட்டார்கள். அவ்வளவுதான். இரத்தம் இல்லை, ஒருவரும் கத்தவும் இல்லை.

முன்வரிசையில் இளைஞர்கள் கச்சான் கொறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னே இருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் எழுந்து வெளியே போனார். அந்தக் கட்டம் முடிந்த பிறகே திரும்பி வந்தார். அவருக்கும் கோணேஸ்வரியின் வயதுதான் இருக்கும்.

காட்சி விட்டதும், சனிக்கிழமை வரை பொறுக்காமல் வந்திருந்த மூவரும் படிக்கட்டில் நின்றார்கள்.

"அந்தச் சாக்குக் கட்டம் சரியான இழுவை," என்றான் இஹ்ஸான். "அவ்வளவு காசு கொட்டி எடுத்த படம். வில்லன்ட ஆளுக்கு ஒரு சாக்கு. உடுப்புத் தைக்கிற ஆக்களுக்கு அண்டைக்கு லீவு போல."

சிவரூபன் சிரிக்கவில்லை. "எங்கட அப்பா ஒரு சொல்லுச் சொல்லுவார், தலையாட்டி எண்டு. என்னெண்டு கேட்டா மிச்சம் சொல்லமாட்டார். உங்களுக்குத் தெரியுமோ அன்ரி?"

"தெரியும்," என்றார் கோணேஸ்வரி. அடுத்த காட்சிக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்ததால் அவர் வாசலுக்குப் போனார். சட்டப்படி பார்க்கக்கூடிய வயதுடைய மூவர் பார்த்துவிட்டு, எதைப் பார்த்தோம் என்று தெரியாமல் நிற்கிறார்கள். அன்று அவர் கிழித்த சீட்டுகளில் பாதி கோணலாகக் கிழிந்தன.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கணவர் வேலை முடிந்து வந்திருக்கவில்லை. லக்சனா தையல் மெசினருகே சாக்கனின் முகமூடியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"படத்தைப் பாத்தனான்," என்றார் கோணேஸ்வரி. "உன்னை விடமாட்டன். சட்டம் சட்டம்தான். ஆனா அதில என்ன இருக்குதெண்டு சொல்லுறன், இரு. தலையாட்டி எண்டா என்னெண்டு சிவரூபனும் இண்டைக்குக் கேட்டவன்."

லக்சனா கத்தரியை வைத்தாள்.

"நாங்கள் சல்லிக் கிராமத்தில இருக்கேக்க ஒருநாள் விடியக் காலமை ஆமிக்காரர் ஊரைச் சுத்தி வளைச்சவங்கள். ஆம்பிளையள் எல்லாரையும் கோயில் வெளிக்குக் கூப்பிட்டு வரிசையில விட்டவங்கள். பிள்ளையள் நாங்கள் வேலிக்கரையில. வாகனத்துக்குப் பக்கத்தில ஒரு ஆள் சாக்குப் போட்டுக்கொண்டு நிண்டவன். அவன் தலையாட்டினா ஏத்துவாங்கள். கதையே இல்லை. உன்ர தாத்தாவுக்கு ஆட்டேல்லை. பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஆட்டினவன். அவர் பிறகு வரேல்லை."

"உங்களுக்கு அப்ப எத்தினை வயசு?"

"பன்னிரண்டு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உனக்குப் பதினெட்டு ஆகட்டும் எண்டு இருந்தனான்," என்று சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருடைய காதிலேயே விழுந்தது. லக்சனா அதைப் பிடித்துக்கொண்டு வாதாடவில்லை. அவளுடைய முகத்தில் வேறொன்று வந்திருந்தது. புதிய துணியைக் கையில் எடுக்கும்போது வரும் முகம்.

"என்ன சாக்கு? கோணியோ?"

"கோணிதான். நெல்லுச் சாக்கு."

"ஓட்டை வெட்டினதோ, எரிச்சதோ?"

"வெட்டினது. ஒண்டு மேல, ஒண்டு கீழ. படத்தில மாதிரி நேரா இல்லை."

"கை?"

"சாக்குக்குள்ள. வெளியில காணேல்லை."

"அப்ப முழுச் சாக்கு. கால்ல எது மட்டும் வந்தது?"

கோணேஸ்வரி கண்ணை மூடிப் பார்த்தார். "முழங்காலுக்கு நல்லாக் கீழ. கணுக்காலடிதான் தெரிஞ்சது. பெரிய ஆள், பிள்ளை. பனை மாதிரி நிண்டவன்."

லக்சனா யோசித்தாள். பிறகு எழுந்து குசினிப் பக்கம் போனாள். தம்பலகாமத்திலுள்ள உறவினர் அறுவடை முடிய அனுப்பும் நெல், கோணிச் சாக்கில்தான் வரும். வெறுஞ்சாக்கு ஒன்றை உதறிக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவே நின்று தலையிலிருந்து கவிழ்த்துக்கொண்டாள்.

"எது மட்டும் நிக்குது, அம்மா?" சாக்குக்குள்ளிருந்து குரல் மங்கலாக வந்தது.

"முழங்கால்."

"பெரிய ஆளெண்டா இன்னும் மேலயெல்லோ நிக்கும். அவனுக்குக் கீழ நிண்டதெண்டா, அவன் என்னிலும் கட்டை."

"கட்டையான ஆம்பிளையளும் இருக்கினம். பெரிய சாக்காயும் இருக்கலாம்," என்றார் கோணேஸ்வரி. ஆனால் அவருடைய கண் மகளின் கால்களில் நின்றுவிட்டது. சாக்கின் விளிம்புக்குக் கீழே, கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெயிலில் கறுத்த தோல், கீழே வெளிறியது.

"இந்தக் கோடு என்ன?"

"எது? காலிலயோ? மேசு போட்ட கோடு. சப்பாத்தும் மேசும் போட்டுப் பள்ளிக்கூடம் போற எல்லாருக்கும் இருக்கும்."

கோணேஸ்வரி கதிரையில் இருந்தார். "அவனுக்கும் இருந்தது. கயிறு கட்டின அடையாளமெண்டு இவ்வளவு காலமும் நினைச்சனான்."

சாக்கு அசையாமல் நின்றது. லக்சனா அதைக் கழற்றினாள். தலைமுடியில் நெற்தூசு ஒட்டியிருந்தது.

"கயிறாயும் இருக்கலாம்," என்றாள்.

"இருக்கலாம்."

"பள்ளிக்கூடப் பிள்ளையெண்டா, பதினாலு பதினஞ்சு இருக்குமோ?"

"அப்பிடித்தான் இருக்கும்."

"அந்த வயசில அவன் இந்தப் படத்துக்கு வந்தா நீங்கள் உள்ள விடமாட்டியள், அம்மா."

"விடமாட்டன்," என்றார் கோணேஸ்வரி.

மேசையில் பாதி பிரித்த முகமூடி கிடந்தது. லக்சனா அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "இதை நான் சிவரூபன் அண்ணைக்குக் குடுக்கேல்லை. ஏனெண்டு நீங்களே சொல்லுங்கோ. கேட்டவர்தானே."

"சொல்லுறன்," என்ற கோணேஸ்வரி, சாக்கை மகளிடம் நீட்டினார். "இன்னொருக்காப் போடு பாப்பம்."

லக்சனா போட்டுக்கொண்டு நின்றாள். கோணேஸ்வரி எழுந்து, வேலிக்கரையிலிருந்து பார்த்ததைப் போலன்றி, உள்ளே நிற்பது ஒரு பிள்ளை என்று தெரிந்து, நேரே முன்னால் போய் நின்று பார்த்தார்.